முப்பத்தொரு டிக்கெட்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. மருத்துவம் படித்தவள் அல்ல. பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்து நான்கு கம்ப்யூட்டர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

அந்த இருபத்து நான்கும் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் நோடு என்பார்கள். பெயர் கிடையாது, எண்தான். பார்சல் எங்கே போகிறது என்று காட்டும் பக்கம், முகவரி தேடுவது, லாரிக்கு வழி சொல்வது என்று கம்பெனியின் ஒவ்வொரு மென்பொருளும் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பொட்டலமாக இந்த நோடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நோடு படுத்துவிட்டால் அதிலிருந்த பொட்டலங்களை மற்ற நோடுகளுக்கு மாற்றிவிட ஒரு மேற்பார்வை மென்பொருள் உண்டு. ஏன் படுத்தது என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டரம்மா.

முப்பத்தெட்டு வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இதே கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்தவள். "என் பார்சல் எங்கே?" என்று ஒரு நாளைக்கு இருநூறு பேர் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய பக்கம் அடிக்கடி உறைந்து நிற்கும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவள் மட்டும் எத்தனை மணிக்கு உறைந்தது, எத்தனை மணிக்கு உயிர் வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தாள். அந்த நோட்டு மாடிக்குப் போயிற்று. அதை வைத்து மாடியில் இருந்த பொறியாளர்கள் இரண்டு பழைய கோளாறுகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, மூன்று தேர்வு எழுதி, தானும் மாடிக்குப் போனாள். போய் ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் ஏதாவது கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால், 'கீழே போன் எடுத்துக்கொண்டிருந்தவள்தானே' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்கிற குறுகுறுப்பு அவளை விட்டுப் போகவில்லை.

மாடிக்கு வந்த பிறகு அவள் செய்த பெரிய காரியம், 'நாடி' என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோடிலும் அது சோதனை செய்யும். சூடு எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, டிஸ்க்கில் இடம் எவ்வளவு, எந்தக் கன்டெய்னர் எவ்வளவு அடைத்திருக்கிறது எல்லாவற்றையும் எழுதி வைக்கும். அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் இருபத்து நான்கு பச்சைக் கட்டங்கள் தெரியும். நோயாளி படுத்திருக்கும்போது டாக்டரையே வெளியே தள்ளிவிடக் கூடாது என்று, எந்த நெருக்கடியிலும் நாடியை மட்டும் அகற்றக் கூடாது என்று மேற்பார்வை மென்பொருளிடம் சொல்லி வைத்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

ஏழு மாதம் பச்சையாகவே போயிற்று. எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, பத்தொன்பதாம் நோடு சிவந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டதாம். மேற்பார்வை மென்பொருள் அதிலிருந்த சில கன்டெய்னர்களை வெளியேற்றி, பழைய கோப்புகளைத் துடைத்து இடம் பண்ணியது. பத்து நிமிடத்தில் மறுபடி பச்சை. அவள் ஒரு டிக்கெட் போட்டாள். டிக்கெட் என்றால் புகார்ப் பதிவு. யார் பொறுப்போ அவருக்குப் போகும், அவர் பார்த்து, காரணம் எழுதி, மூட வேண்டும்.

அது போய்ச் சேர்ந்தது ஸ்வெட்டரிடம். குளிர் அறையிலேயே கிடப்பதால் கோடையிலும் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற மனிதர். கம்ப்யூட்டர் பெட்டிகள், கம்பிகள், டிஸ்க்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "தற்போது சரியாக உள்ளது. மூடப்படுகிறது." காரணம் என்ற கட்டம் காலி.

வியாழக்கிழமை இருபத்திரண்டு சிவந்தது. அடுத்த வாரம் பத்தொன்பதும் இருபதும். ஒவ்வொரு முறையும் ஸ்வெட்டர் எழுந்து பார்க்கப் போவதற்குள் நோடு நல்லபடியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வாக்கியம். டாக்டரிடம் போனதும் பல்வலி நின்றுபோகிற கதைதான். பார்த்துப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்று அவளுக்குப் புரிந்தது. சிவக்கிறவை எல்லாம் கடைசியாக வந்த ஆறு நோடுகள், பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை. அவற்றின் டிஸ்க் மற்றவற்றின் டிஸ்க்கில் கால்வாசிதான். இன்னொன்று புரியவில்லை. நாடி தரும் பட்டியலில் கன்டெய்னர்கள் அடைத்த இடத்தைக் கூட்டினால் நூற்றுக்கு நாற்பது வந்தது. டிஸ்க்கோ எண்பத்தாறு நிறைந்துவிட்டது என்றது; எண்பத்தைந்தைத் தாண்டினாலே நோடு சிவந்துவிடும். மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் நாற்பது.

மூன்று மாதத்தில் இருபத்தேழு டிக்கெட் ஆனபோது மேலாளர் கூட்டம் போட்டார்.

"டிஸ்க் நல்லா இருக்கு மேடம்," என்றார் ஸ்வெட்டர். "நான் டெஸ்ட் பண்ணிட்டேன். உள்ள என்ன போட்டு வச்சிருக்கீங்கன்னு நீங்கதான் பாக்கணும்."

"பாத்துட்டுதான் சொல்றேன். நாப்பதுக்கு மேல உள்ள ஒண்ணும் இல்ல. மீதி நாப்பத்தாறு எங்க போச்சு? உங்க டிஸ்க்தான் பொய் சொல்லுது."

"டிஸ்க்குக்குப் பொய் சொல்லத் தெரியாது மேடம்."

அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் பேச்சே அப்படித்தான். ஆனால் அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. "மூணு மாசமா ஒரு டிக்கெட்லகூட காரணம் எழுதல நீங்க. வேலை செய்யத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. என் உசுரை வாங்காதீங்க," என்று வெடித்துவிட்டாள். சிரிப்பு நின்றது. ஸ்வெட்டர் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மேலாளர் ஆறு நோடுகளின் டிஸ்க்கையும் மாற்றச் சொல்லிவிட்டார். வேலை நாளில் கை வைக்க முடியாது என்பதால், ஸ்வெட்டர் இரண்டு சனிக்கிழமை வந்து, ஒரு நாளைக்கு மூன்று என்று மாற்றினார். புது டிஸ்க்கில் எல்லாம் பச்சையாயின. மேலாளர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: வன்பொருள் கோளாறு, பொறுப்பாளர் உரிய நேரத்தில் ஏற்காததால் தாமதம், கண்காணிப்புப் பிரிவின் விடாமுயற்சியால் சரிசெய்யப்பட்டது. பொறுப்பாளர் என்று எழுதிய இடத்தில் ஸ்வெட்டரின் முழுப் பெயரும் இருந்தது. நகல் அவளுக்கும் வந்தது. அன்று மாலை வீட்டில் அதைக் கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். ஏதோ பரிசு வாங்கியது போல.

இனிமேல் இப்படி நடக்கவே கூடாது என்று நாடியின் சோதனையை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து நிமிடத்துக்கு ஒன்று ஆக்கினாள்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, பத்தொன்பதும் இருபத்தொன்றும் இருபத்து மூன்றும் சேர்ந்து சிவந்தன. அவை தாங்கிய பொட்டலங்கள் எல்லாம் மற்ற நோடுகளில் போய் விழ, அங்கே நெரிசல். அடுத்த கால் மணியில் இருபத்து நான்காம் நோடும் படுத்தது. பார்சல் எங்கே என்று காட்டும் பக்கம் நின்றேவிட்டது. அவள் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு டிக்கெட் போட்டுவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது டிஸ்க்! ஆறே வாரம்!

கதவைத் தள்ளிக்கொண்டு ஹலோ அக்கா வந்தாள். தொலைபேசிப் பிரிவின் தலைவி. ஒரு காலத்தில் இவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள். காதில் மாட்டும் கருவி கழுத்தில் தொங்க, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"என்னடி டாக்டரம்மா, நூத்தி நாப்பது பேர் லைன்ல நிக்கிறாங்க. எல்லாரும் என் பொண்ணுங்களை வாய்க்கு வந்தபடி திட்றாங்க. ஒருத்தி அழுதுட்டு பாத்ரூம்ல போய் உக்காந்துட்டா. எப்ப சரியாகும்னு ஒரு நேரம் சொல்லு, அதையாவது சொல்லித் தொலைக்கிறோம்."

"தெரியல அக்கா."

"தெரியலயா? இதைச் சொல்லத்தான் ஏழு வருஷத்துக்கு முன்னாடி மேல வந்தியா?"

சொன்ன பிறகு அக்காவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். டாக்டரம்மா எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனாள்.

அந்த அறைக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, விதியும் அப்படித்தான். பெட்டி ஸ்வெட்டருடையது, பெட்டிக்குள் ஓடுவது மாடிக்காரர்களுடையது. இவளுக்கு நோடுக்குள் நேராக நுழையும் கடவுச்சொல் கிடையாது. அவரோ உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறந்து பார்க்க மாட்டார். காற்றாடிகளின் இரைச்சலில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சண்டை போட வரல. நோடுக்குள்ள நேரா போய்ப் பாக்கணும். நீங்க திறங்க, நான் பாக்கிறேன்."

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பத்தொன்பதாம் நோடுக்குள் நுழைந்து, எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொல்லி ஒரு வரி தட்டினார். கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு பட்டியல் இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, டிஸ்க்கில் பாதியை விழுங்கிக்கொண்டு, ஒரே ஒரு கோப்புறை. அதன் பெயர் நாடி.

அவர் அதை ஒருமுறை வாசித்தார். "இது யாரோடது மேடம்?"

அவருக்குத் தெரியாமல் இல்லை.

"என்னோடது."

ஒவ்வொரு சோதனையையும் நாடி ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வந்திருந்தது. பழைய பக்கங்களை அழிக்கும் வரிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு போட்டுவிட்டு மறந்துபோயிருந்தாள். யார் எவ்வளவு இடம் அடைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று நாடிக்கு அவளேதான் சொல்லியிருந்தாள். அதனால்தான் கூட்டலில் நாற்பதுக்கு மேல் வரவில்லை. இடம் போதாமல் மற்றவர்களை எல்லாம் வெளியே தள்ளியபோதும், தள்ளக் கூடாது என்று அவள் சொல்லி வைத்திருந்ததால், நாடி மட்டும் உள்ளேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கியதும் ஐந்து மடங்கு வேகமாக எழுதியது. பழைய டிஸ்க் நிறைய ஏழு மாதம் ஆனது; காலியாக வந்த புது டிஸ்க் ஆறே வாரத்தில் நிறைந்துவிட்டது.

பழைய கோப்புகளை அழிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அழிக்க மறந்த அந்த வரிகளை எழுதிச் சேர்க்க இன்னும் பத்து நிமிடம். ஒரு மணிக்குள் பக்கம் திரும்ப வந்துவிட்டது.

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. "சாரி," என்றாள். காற்றாடிச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை சொன்னாள்.

"ரெண்டு சனிக்கிழமை மேடம்," என்றார் அவர். "ரெண்டாவது சனிக்கிழமை என் பொண்ணுக்கு நீச்சல் போட்டி. வீட்டுல அனுப்பின வீடியோலதான் பாத்தேன்." அவ்வளவுதான். திரும்பி வேறு ஏதோ கம்பியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பிறர் செய்யும் தப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் எதற்கும் பதறாதவன். அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே கேட்டான்: "அவர் கத்தினாரா?"

"கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"தப்பு யாருக்குத்தான் வராது? இன்னைக்கு ஒருத்தர் பிரேக்னு நினைச்சுக்கிட்டு..."

"ஐயோ, இப்ப உங்க கதை வேணாம். நான் அந்த மனுஷனைப் பத்துப் பேர் முன்னாடி வேலை தெரியாதவர்னு சொன்னேன். அது ரிப்போர்ட்ல ஏறி, மேல வரைக்கும் போயிருக்கு. அதை நான் உங்களுக்குப் படிச்சுவேற காட்டினேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "சரி. அப்ப அதை இறக்கு."

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"இனிமே நிறையாதுல்ல?"

"நிறையாது சார். ஆனா போன அறிக்கையைத் திருத்தணும். டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. அவர் மேலயும் தப்பு இல்ல."

"வன்பொருள் கோளாறுன்னு எழுதி அனுப்பியாச்சும்மா. இப்பப் போய் எங்க மென்பொருள்தான் காரணம்னு சொன்னா என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

"அதுல அவர் பேரு இருக்கு சார்."

"அவரே ஒண்ணும் சொல்லலயே."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"டாக்டரம்மா, பிரச்சினை முடிஞ்சுது. உங்களுக்கு நல்ல பேரு கிடைச்சிருக்கு. அதை ஏன் நீங்களே கெடுத்துக்கிறீங்க? விடுங்க."

அவள் விடவில்லை. மின்னஞ்சல் எழுதினாள்; "பார்க்கிறேன்" என்று ஒரு சொல் வந்தது. நேரம் கேட்டாள், கொடுத்த நேரத்துக்குப் போனால் அறை பூட்டியிருந்தது. இன்னொரு நாள் மாடிப்படியில் மடக்கினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கையாட்டிவிட்டு இறங்கிப் போனார். இப்படி இரண்டு வாரம். வீட்டில் மகள் எதையாவது இரண்டாம் முறை கேட்டால்கூட எரிந்து விழுந்தாள். பத்து வயதுப் பெண், "அம்மா, உனக்கு ஆபீஸ்ல ஏதாவது ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

மூன்றாம் வாரம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பதினோரு வருடம் அந்தக் குளிரில் கிடந்த மனிதரின் பெயர் அதில் இல்லை. எதிர்பார்த்த எல்லோருக்கும் ஆச்சரியம். காரணம் அவளுக்குத் தெரியும்.

அன்று உணவு இடைவேளையில் எல்லோரும் எழுந்து போன பிறகு, அவள் தன் பழைய டிக்கெட்டுகளைத் திறந்தாள். மொத்தம் முப்பத்தொன்று. டிக்கெட் போட்டவர் அதைத் திரும்பத் திறக்கலாம், காரணம் எழுதி மூடலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. முதல் டிக்கெட்டில் காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள்: 'டிஸ்க்கில் கோளாறு இல்லை. நான் எழுதிய நாடி மென்பொருள் பழைய பதிவுகளை அழிக்காததால் இடம் நிறைந்தது. தவறு என்னுடையது.' அதையே வெட்டி ஒட்டி மூன்று டிக்கெட்டை முடித்தாள். நான்காவதில் கை நின்றது. ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒரு மணி, ஒரு நோடு. அதன் பிறகு ஒவ்வொன்றிலும் தேதியும் நோடு எண்ணும் சேர்த்துத் தனித்தனியாகவே தட்டினாள். ஒரு டிக்கெட் திறந்தாலும் மூடினாலும் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் தானாகவே மின்னஞ்சல் போகும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்ததற்கு ஒன்று, மூடியதற்கு ஒன்று. ஆக அறுபத்திரண்டு. மேலாளருக்கு, மேலாளரின் மேலாளருக்கு, ஸ்வெட்டருக்கு, தொலைபேசிப் பிரிவுக்கு.

மூன்று மணிக்கு மேலாளர் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். "மீட்டிங்ல உக்காந்திருக்கேன், போன் அடங்க மாட்டேங்குது. என்ன, மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். டிக்கெட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா இருந்துது. நிரப்பினேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவசர அவசரமாகத் தங்கள் திரைகளுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

அதற்குப் பலன் இருந்தது. அவள் நினைத்த அளவுக்கு இல்லை. மேலிடத்தில் யாரோ கேட்டதால் அறிக்கை திருத்தப்பட்டது. ஸ்வெட்டரின் பெயர் நீங்கியது. ஆனால் 'தவறு கண்காணிப்பு மென்பொருளுடையது' என்று எழுத வேண்டிய இடத்தில், 'காரணம் மறுஆய்வில் உள்ளது' என்று எழுதினார்கள். மறுஆய்வு யாரும் செய்யவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் மூடப்பட்டுவிட்டது, அடுத்த வருடம்தான் என்றார்கள். இனி நாடியில் ஒரு எழுத்தை மாற்றுவதானாலும் படிவம் நிரப்பி, இரண்டு பேர் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவளுக்கு மட்டும் ஒரு புது விதி வந்தது.

ஹலோ அக்கா சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேசாம எங்ககிட்டயே திரும்பி வந்துடு. தப்பு பண்ணா, சாரி சார்னு சொல்லிட்டு அடுத்த காலுக்குப் போயிடலாம். இப்படி ஊருக்கே தபால் போட வேண்டியதில்ல." டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஸ்வெட்டர் இரண்டு நாள் கழித்து மாடிக்கு வந்தார். அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அறுபத்திரண்டு மெயில் மேடம். என் போனே சூடாயிடுச்சு."

"படிச்சீங்களா?"

"மூணு படிச்சேன். எல்லாம் அதேதானேன்னு விட்டுட்டேன்."

"நாலாவதுலேர்ந்து வேற. தேதி போட்டிருக்கேன்."

"அப்படியா." சுவரில் இருந்த கட்டங்களைப் பார்த்தார். "அந்த லிஸ்ட் விஷயம் இனிமே மாறாது. அதுக்காக நீங்க மறுபடி எதுவும் பண்ணிட வேணாம்." படியை நோக்கித் திரும்பி, "கீழ வரணும்னா முதல் டிக்கெட்டுக்கே வாங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் காத்திருக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மன்னித்துவிட்டாரா, எச்சரித்துவிட்டுப் போகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நோடுகளுக்கு வீண் சுமை ஏற்றும் நாடியைப் பழையபடி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஆக்க வேண்டும். ஒன்று என்ற எண்ணை அழித்துவிட்டு ஐந்து என்று போட வேண்டும், அவ்வளவுதான். படிவம் நிரப்பிக் கொடுத்தாள். 'காரணம் போதுமானதாக இல்லை' என்று திரும்பி வந்தது. காரணத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு விரித்து எழுதிக் கொடுத்தாள். முதல் கையெழுத்து கிடைத்தது. இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த திங்கள்கிழமைதான் வருவாராம். நாடி நிமிடத்துக்கு ஒருமுறை இருபத்து நான்கு நோடுகளையும் சோதித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறது. அவள் நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, திங்கள்கிழமைக்காகக் காத்திருக்கிறாள்.